10 வயதுக்கும் 16 வயதுக்கும் நாவல் பரிந்துரைப்பது எப்படி

"பையனுக்குப் பன்னிரண்டு வயசு, நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், நாக்கு நுனியில் இருக்கும் பெயரைச் சொல்லத்தான் தோன்றும். தமிழ் வாசிப்பவர்களிடம் அந்தப் பெயர் பெரும்பாலும் 'பொன்னியின் செல்வன்'. கல்கி 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக எழுதியது. ஐந்து பாகம். அடுத்த வாரம் எப்போது வரும் என்று ஏங்க வைக்கும் இடமாகப் பார்த்து அத்தியாயங்களை முடித்திருப்பார். சரித்திரக் கதை பிடிக்கும், நீளத்துக்கு அஞ்சாத 14 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விருந்து. ஆனால் 100 பக்கத்துக்கு மேல் ஒரு நாவலும் படித்திராத 11 வயதுப் பிள்ளையிடம் அதே ஐந்து பாகங்களை அடுக்கிக் கொடுத்தால், முதல் பாகத்தைத் தாண்டுவதே சிரமம். பாதியில் விட்டதோடு நிற்காமல், 'நாவல் எல்லாம் எனக்கு ஒத்துவராது' என்றும் அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடும். இதில் புத்தகத்தின் மேல் குறையில்லை. கொடுத்தவர் புத்தகத்தைப் பார்த்த அளவுக்குப் படிக்கப்போகிறவரைப் பார்க்கவில்லை.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். பரிந்துரைப்பவரின் வேலை இவை இரண்டையும் ஒன்றுசேர்ப்பது. புத்தகங்களைப் பற்றி நிறையத் தெரிந்திருப்பது இதில் பாதிதான். பிள்ளையிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பது மீதிப் பாதி.

முதலில் கேள்வி, பிறகு பெயர்

"உனக்கு எந்த மாதிரி புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "தெரியல" என்ற பதில்தான் வரும். தன் ரசனைக்கு வகை பிரித்துப் பெயர் வைக்க 11 வயதில் யாருக்கும் தெரியாது. 15 வயதில் தெரிந்தாலும் சொல்லக் கூச்சப்படுவார்கள். பதில் வரக்கூடிய கேள்விகள் இவை:

"கடைசியா எதை முழுசா முடிச்சே?" புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. சினிமா, தொடர், காமிக்ஸ், கணினி விளையாட்டு எதுவானாலும் சரி.

"அதுல எந்த இடம் உனக்கு ரொம்பப் பிடிச்சது?"

"எதைப் பாதியில விட்டே? ஏன்?" மூன்றில் இதுதான் மிகவும் பயன்படும். விட்டதற்கான காரணம், பிடித்ததற்கான காரணத்தைவிடத் தெளிவாக வெளியே வரும். 'ஆரம்பத்துல ஒண்ணுமே நடக்கல', 'யாரு யாருன்னு குழம்பிப்போச்சு', 'அழுகையா இருந்துச்சு' என்று ஒரு வாக்கியம் கிடைத்தாலே எதையெல்லாம் ஒதுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விகளைப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் பெற்றோரிடம் கேட்டால், பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்களோ அதுதான் பதிலாக வரும். பெற்றோர் முந்திக்கொண்டு பதில் சொன்னால், கேட்டுக்கொண்டு, அதே கேள்வியைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை கேளுங்கள்.

வந்த பதிலை எப்படிப் புரிந்துகொள்வது? அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்பார்: கதையோட்டம், பாத்திரங்கள், கதை நடக்கும் உலகம், மொழி. 'அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா' என்று பிள்ளை நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொன்னால் அது கதையோட்டத்தின் வழியாக நுழைபவர். 'அவன் பாவம்', 'அவ செஞ்சது சரிதான்' என்று ஆட்களைப் பற்றியே பேசினால் பாத்திரங்கள். அந்த மாயப் பள்ளியில் என்னென்ன விதிகள், அந்தக் கிரகத்தில் யார் யார் என்று விவரித்தால் உலகம். ஒரு வசனத்தை அப்படியே திருப்பிச் சொன்னால் மொழி. முதல் மூன்றும் நடுநிலைப் பள்ளி வயதில் ஏராளம். நான்காவது பெரும்பாலும் 14, 15-க்குப் பிறகுதான் தலைகாட்டும்.

வகையைப் பார்த்து மட்டும் பரிந்துரைக்கும்போது நேரும் தவறு இந்த வாசல்களைப் பார்த்தால் புரியும். மாயக்கதை ஒன்றை விரும்பிப் படித்த பிள்ளைக்கு இன்னொரு மாயக்கதையைக் கொடுக்கிறோம், பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு முதல் புத்தகத்தில் பிடித்தது மாயம் அல்ல, மூன்று நண்பர்களின் கூட்டு. அதற்கு ஏற்றது ஒரு பள்ளிக்கூடத் துப்பறியும் கதையாகக்கூட இருக்கலாம்.

வயதுக் கோடு எங்கே விழுகிறது

பதிப்புலகில் நடுநிலை வயது நாவல் என்பது ஏறத்தாழ 8 முதல் 12 வயது வரை. பதின்பருவ நாவல் 12 முதல் 18 வரை. முன்னது ஆங்கிலத்தில் 30,000 முதல் 50,000 சொற்கள் இருக்கும், மாயக்கதையானால் கூடலாம். பின்னது 50,000 முதல் 80,000. கதைத்தலைவரின் வயது இன்னும் நல்ல அளவுகோல். பிள்ளைகள் தம்மைவிட ஓரிரு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் ஆசைப்படுவார்கள். 10 வயதுக்கு 12 வயதுத் தலைவர் பொருந்துவார். 13 வயதுக்காரரிடம் 10 வயதுத் தலைவரைக் கொடுத்தால், 'சின்னப் பிள்ளைங்க புத்தகம்' என்று அட்டையைப் பார்த்ததுமே தள்ளிவிடுவார்.

சொற்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய வேறுபாடு பார்வையில் இருக்கிறது. நடுநிலை வயது நாவலில் குடும்பம், நட்பு, பள்ளி என்ற வட்டத்துக்குள் சிக்கல் எழும். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் முடிவில் நம்பிக்கை இருக்கும். பதின்பருவ நாவலில் 'நான் யார்' என்ற கேள்வி, காதல், பெரியவர்கள் மீது அவநம்பிக்கை, அநீதி எல்லாம் உள்ளே வரும். முடிவு திறந்தே இருக்கலாம். 12, 13 வயதில் பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றைக் கொடுத்து, எதை முதலில் திறக்கிறது என்று பாருங்கள்.

விருதுப் பட்டியலை நம்பலாமா? தேடத் தொடங்க நல்ல இடம், அவ்வளவுதான். அமெரிக்காவில் சிறார் நூல்களுக்கு 1922 முதல் வழங்கப்படும் நியூபெரி விருது 14 வயது வரையிலான வாசகர்களுக்கு எழுதப்பட்ட நூல்களைக் கருத்தில் கொள்கிறது. ஆகவே அந்த முத்திரை இருப்பதாலேயே ஒரு நூல் 9 வயதுக்கு ஏற்றதாகிவிடாது. அங்கேயே பதின்பருவ நூல்களுக்கு 2000 முதல் வழங்கப்படும் பிரின்ட்ஸ் விருது 12 முதல் 18 வயது வரை. இரண்டும் பெரியவர்கள் கூடி இலக்கியத் தரம் பார்த்துக் கொடுப்பவை. பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிக் கிழிந்துபோகும் புத்தகம் அந்தப் பட்டியலில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மொழி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது

ஐந்து விரல் சோதனை எளிது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். ஒரு விரலுக்குள் என்றால் எளிது. இரண்டு மூன்று என்றால் சரியான இடம். நான்கு என்றால் யாராவது கூட இருந்து படிக்க வேண்டும். ஐந்து மடங்கினால் இப்போதைக்கு வேண்டாம். பதின்பருவத்தினரிடம் இதை வெளிப்படையாகச் செய்யாதீர்கள், அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். 'முதல் ரெண்டு பக்கம் பார்த்துட்டுச் சொல்லு' என்று கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பிறகு, 'எப்படித் தொடங்குது?' என்று மட்டும் கேளுங்கள். இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் மொழி தடையாக இல்லை என்று பொருள்.

தமிழ் நாவலுக்கு இந்தச் சோதனையில் ஒரு திருத்தம் வேண்டும். தமிழில் பிள்ளைகள் தடுக்குவது பெரும்பாலும் தெரியாத சொல்லால் அல்ல. நாலைந்து விகுதி ஒட்டிய நீண்ட சொல், புணர்ந்து கிடக்கும் சொற்கள், பேசிப் பழகாத எழுத்து நடை, பழக்கமில்லாத வட்டார வழக்கு ஆகியவற்றால். பள்ளியில் வேறு மொழியில் படிக்கும் பிள்ளைக்குக் கதை எளிதாகப் புரியும், ஆனால் கண் வேகமாக ஓடாது. வாய்விட்டு அரைப் பக்கம் படிக்கச் சொன்னால் இது உடனே தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு உரையாடல் மிகுந்த, சொற்களைப் பிரித்து அச்சிட்ட, எழுத்து பெரிதாக உள்ள பதிப்பைத் தேடுங்கள். முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்களே வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த எழுத்தாளரின் நடை ஒருமுறை காதில் ஏறிவிட்டால் கண் பின்தொடரும்.

புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் முறைகளும் உண்டு. ஆங்கில நூல்களுக்கு லெக்சைல் அளவு பரவலாகப் பயன்படுகிறது. அது வாக்கிய நீளத்தையும், சொற்கள் எவ்வளவு பழக்கமானவை என்பதையும் வைத்துக் கணக்கிடுகிறது; எண் கூடக்கூட மொழி கடினம் என்று பொருள். பொருளின் ஆழத்தை அதனால் அளக்க முடியாது. அதனால்தான் பெரியவர்களுக்கான ஸ்டைன்பெக்கின் நாவல் 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' 680 என்றும், பள்ளிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிக்கும் 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' 950 என்றும் எண் பெற்றிருக்கின்றன. எண்ணை மட்டும் நம்பினால் 10 வயதுப் பிள்ளையின் கையில் எது போய்ச் சேரும் என்று பாருங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

மரணம், வன்முறை, பாலியல், தற்கொலை எண்ணம், வீட்டுக்குள் நடக்கும் கொடுமை இவை ஒரு நாவலில் இருப்பதாலேயே அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கேத்தரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெரபிதியா' 1977-இல் வந்து, மறு ஆண்டு நியூபெரி பெற்றது. 10 வயதுப் பையனும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் காட்டில் ஒரு கற்பனை ராஜ்யம் அமைக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மகிழ்ச்சியான மாயக்கதை போலத் தெரியும். பிற்பகுதியில், எதிர்பாராமல், இருவரில் ஒருவர் இறந்துபோகிறார். மிக நல்ல நாவல். ஆனால் போன மாதம் நண்பரை இழந்த பிள்ளைக்கு இதை அறியாமல் கொடுப்பது வேறு, அறிந்து, 'இதுல இப்படி ஒண்ணு வரும், இப்ப வேணாம்னா அப்புறம் படிக்கலாம்' என்று சொல்லிக் கொடுப்பது வேறு.

முழுவதும் படிக்க நேரமில்லாத நாவலை 20 நிமிடத்தில் ஓரளவு அறிந்துகொள்ளலாம். முதல் அத்தியாயம் முழுவதும் படியுங்கள். நடுவில் தொடர்ந்து 10 பக்கம். பிறகு கடைசி மூன்று அத்தியாயங்கள். ஆசிரியர் குறிப்பு இருந்தால் அதையும். கனமான நிகழ்ச்சி பெரும்பாலும் கதையின் முக்கால் பங்கு தாண்டியதும் வரும்; முடிவைப் படிக்கும்போது அதன் தடயம் தெரிந்துவிடும். பார்க்க வேண்டியவை மூன்று: எவ்வளவு விவரமாகக் காட்டப்படுகிறது, கதையில் அதற்கு உதவியோ ஆறுதலோ கிடைக்கிறதா, ஆசிரியர் அதைக் கவர்ச்சியாக ஆக்குகிறாரா. மூன்றாவதற்கு 'ஆம்' என்றால் தயங்குங்கள். முதல் இரண்டும் சரியாக இருந்தால், கடினமான பொருள் கொண்ட நாவல் பதின்பருவத்துக்குப் பேருதவி செய்யும். வெளியே சொல்ல முடியாததை வேறொருவரின் கதையில் படிக்கும்போது, 'இது எனக்கு மட்டும் நடக்கல' என்று அந்தப் பிள்ளை தெரிந்துகொள்கிறது.

கொடுக்கும் விதம்

ஒரே சமயத்தில் மூன்று புத்தகம். ஒன்று, பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்ததற்கு மிக அருகில் இருப்பது. இரண்டாவது, அதே வாசல், வேறு வகை. மூன்றாவது, கொஞ்சம் துணிந்து தேர்ந்தெடுத்தது. ஒன்றே ஒன்றைக் கொடுத்தால் அது கட்டளை போல ஆகிவிடும். ஏழெட்டைக் கொடுத்தால் மலைத்துப்போய் எதையும் எடுக்கமாட்டார்கள்.

ஒவ்வொன்றுக்கும் அரை நிமிட அறிமுகம் போதும். யார், என்ன வயது, என்ன சிக்கல். சிக்கல் முறுகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கேரி பால்சனின் 'ஹேட்செட்' (1987) நாவலை இப்படிச் சொல்லலாம்: "பதின்மூணு வயசுப் பையன், சின்ன விமானத்துல அப்பாவைப் பார்க்கப் போறான். விமானியும் அவனும் மட்டும்தான். நடுவானத்துல விமானிக்கு மாரடைப்பு. கீழே கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் காடு. அம்மா கொடுத்த ஒரு கைக்கோடாலி இடுப்புல தொங்குது." இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். கையில் கொடுத்துவிடுங்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. 'இதில் நல்ல கருத்து இருக்கிறது' என்றால் பாடம் வரப்போகிறது என்று பிள்ளை ஒதுங்கிவிடும். 'ரொம்ப ஈசி' என்பது, படிக்கத் திணறினால் இரட்டை அவமானம். 'உன் வயசுல நான் இதை ஒரே நாள்ல முடிச்சேன்' என்பது ஒப்பீடு. 'பொண்ணுங்க புத்தகம்', 'பசங்க புத்தகம்' என்ற பேச்சும் வேண்டாம். அட்டையின் நிறத்தைப் பார்த்து நல்ல கதையை இழப்பவர்கள் ஏராளம்.

பாதியில் விடும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நான்சி பேர்லின் இன்னொரு விதி: 50 பக்கம் படித்துப் பார், பிடிக்காவிட்டால் விட்டுவிடு. 200 பக்க நாவலுக்கு 50 அதிகம். நடுநிலை வயதினருக்கு 20, 25 பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். விட்டுவிடலாம் என்று தெரிந்த பிள்ளை தடித்த புத்தகத்தையும் தைரியமாகத் திறக்கும்.

தனிக் கவனம் வேண்டியவர்கள்

படிக்கவே பிடிக்காது என்கிற பிள்ளைக்குக் குறுகிய அத்தியாயங்கள் (4, 5 பக்கம்), முதல் பக்கத்திலேயே தொடங்கும் சிக்கல், நிறைய வெள்ளை இடம் உள்ள பக்கம் இவை வேண்டும். கவிதை வடிவ நாவல்கள் இந்த இடத்தில் நன்றாக வேலை செய்யும். 250 பக்கப் புத்தகம் இரண்டு மாலைப்பொழுதில் முடிந்துவிடும், முடித்த பெருமையும் பெரிது. சித்திர நாவலை 'இது படிப்பே இல்லை' என்று தள்ளாதீர்கள். ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' 2020-இல் நியூபெரி வென்ற முதல் சித்திர நாவல். ஒலிநூலும் அச்சுநூலும் சேர்த்து, கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர்வதும் முழு வாசிப்புத்தான்.

15 வயது, வாசிப்பு வேகம் 10 வயதுக்குரியது என்றால் மிகுந்த கவனம் தேவை. பொருள் 15 வயதுக்கு உரியதாகவும் மொழி எளிதாகவும் இருக்க வேண்டும். அட்டையில் சின்னப் பிள்ளையின் படம் இருந்தால் அந்தப் புத்தகம் பையைவிட்டு வெளியே வராது. எழுத்துக் குழப்பம் (டிஸ்லெக்சியா) உள்ளவர்களுக்கு வரிகளுக்கு இடையே தாராளமான இடைவெளியும், பின்பக்க அச்சு தெரியாத தாளும் உதவும்.

இதற்கு நேர்மாறானவர் 9 வயதிலேயே 14 வயதுக்காரரைப் போலப் படிக்கும் பிள்ளை. பெற்றோர் பெருமையோடு பதின்பருவ நாவலைக் கேட்பார்கள். சொற்கள் புரியும்; அதிலுள்ள காதல் முறிவும் மனச்சோர்வும் அந்த வயதில் புரியாது, சில சமயம் பயமுறுத்தும். வயதைத் தாண்டாமல் நீளத்திலும் நடையிலும் செறிவிலும் ஏற்றுங்கள். பழைய சிறார் செவ்வியல் நூல்கள், பல பாகங்கள் கொண்ட மாயக்கதைகள், மொழிபெயர்ப்புகள் நிறைய இருக்கின்றன. மொழிபெயர்ப்பு நாவலில் அந்நியப் பெயர்கள்தான் முதல் தடை. புத்தக அடையாள அட்டையில் ஐந்தாறு பெயர்களையும் யார் யாருக்கு என்ன உறவு என்பதையும் எழுதி வைத்துக் கொடுத்தால் போதும்.

தொடர் நாவல் கிடைத்தால் பல மாத வேலை மிச்சம். கொடுக்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: தொடர் முடிந்துவிட்டதா, எல்லாப் பாகமும் கிடைக்குமா, பின்னால் வரும் பாகங்களில் கதை மூத்த வயதுக்கு மாறுகிறதா. கதைத்தலைவர் பாகத்துக்குப் பாகம் வளரும் தொடர்களில் முதல் பாகம் 9 வயதுக்கும் கடைசிப் பாகம் 13-க்கும் பொருந்தும் என்பது சாதாரணம்.

கொடுத்த பிறகு

ஒரு வாரம் கழித்து, 'முடிச்சாச்சா?' என்று கேட்காதீர்கள், அது கணக்குக் கேட்பது போல் ஆகிவிடும். 'எது வரைக்கும் வந்திருக்கே? அவன் ஆத்தைத் தாண்டிட்டானா?' என்று கதைக்குள்ளிருந்து கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் வருத்தப்படாமல் எந்த இடத்தில் விட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பரிந்துரை அந்த இடத்திலிருந்துதான் கிடைக்கும். முதல் அத்தியாயத்தில் விட்டால் பெரும்பாலும் நடையோ வேகமோ சரியில்லை. நடுவில் விட்டால் நீளம், அல்லது பாத்திரங்களின் நெரிசல். முடியும் தறுவாயில் விட்டால் கதை பயமுறுத்தியிருக்கலாம், மெதுவாக விசாரியுங்கள்.

பலருக்குப் பரிந்துரைப்பவர்கள் நூலுக்கு ஒரு அட்டை வைத்துக்கொள்வது நல்லது. தலைப்பு, பக்கங்கள், அத்தியாய நீளம், கதைத்தலைவரின் வயது, நுழைவாசல், கவனிக்க வேண்டிய பொருள், அரை நிமிட அறிமுகத்தின் முதல் வரி, 'இது பிடித்தால் அடுத்து' என்று இரண்டு பெயர். துப்பறிதல், மாயம், நகைச்சுவை, பள்ளி, சரித்திரம், அறிவியல் புனைவு, திகில், உயிர் பிழைத்தல், காதல், குடும்பம் என்று பத்து வகைக்கு மும்மூன்று அட்டை இருந்தால், 30 நாவலில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தொடக்கம் கிடைத்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அட்டைகளைப் புரட்டி, யாரும் முடிக்காத மூன்றையாவது எடுத்துவிட்டுப் புதிதாக வந்தவற்றைச் சேருங்கள். எதை எடுப்பது, எதைச் சேர்ப்பது என்று பிள்ளைகளிடமே கேட்டால் இன்னும் சரியாக அமையும். ஒரு 13 வயதுக்காரர் சொல்லும் புத்தகத்தை இன்னொரு 13 வயதுக்காரர் நம்பும் அளவுக்கு நம் பேச்சை நம்பமாட்டார்.